ஐந்து தலை மலையின் நடுத்தலை

கப்பலில் இருந்தபோது எனக்குக் கடலைப் பற்றிப் பயமே வரவில்லை. இறங்கியதும் யாரிடமாவது வழி கேட்க வேண்டுமே என்ற கவலைதான் இருந்தது. நான் நாகப்பட்டினத்தில் ஒரு நெல் மண்டியில் மூட்டை நிறுக்கிறவன். தராசுக்குப் பின்னால் நின்றே பாதி வயது போய்விட்டது. முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னால் போதும், அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி.

என் தங்கை தனபாக்கியம் தன் வீட்டுக்காரரோடு ஜொகூருக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவள். மாப்பிள்ளை அங்கே ஒரு மலைமேல் மரம் விழுந்து இறந்துபோனார் என்று ஊர் திரும்பின ஒருவர் வந்து சொன்னார். தங்கை மட்டும் திரும்பவில்லை. ஆள் விட்டுக் கேட்டதற்கும் பதில் இல்லை. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். போய்க் கையோடு அழைத்து வா என்று வீட்டில் எல்லோரும் என்னைக் கப்பல் ஏற்றினார்கள். அடுத்த கப்பலில் வந்து நிற்காவிட்டால் தராசுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். அதனால் கால் தரையில் பட்ட நேரத்திலிருந்தே எனக்கு ஓட்டம்தான்.

சிங்கப்பூரில் ஒரு நம்மவர் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பு ஊற்றினார்கள். தேங்காய்ப்பால் விட்டுச் செய்த குழம்பு, புளி கம்மி. இன்னும் கொஞ்சம் சோறு கேட்கலாம் என்று இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு இலையை மடித்துவிட்டேன். மறுநாள் காலை ரயில். கடலுக்கு நடுவே கல்லைக் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் கிடக்க, வண்டி அதன் நடுவே ஓடுகிறது. அந்தப் பாதை வந்து சில வருஷம்தான் ஆகிறதாம். அதற்கு முன் படகில்தான் இக்கரைக்கு வருவார்களாம். பெட்டியில் எல்லோரும் கண்ணை மூடித் தூங்கினார்கள். நான் மட்டும் ஜன்னலுக்கு ஜன்னல் மாறி மாறி நின்றேன்.

குளுவாங்கில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக் கடை. கறுப்பாக, கெட்டியாக, டின் பால் ஊற்றிய காப்பி. நம் ஊரில் இதைக் காப்பி என்று கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் இரண்டாவது மடக்கில் பிடித்துப்போயிற்று. கூடவே இரண்டு முட்டை வைத்தார். வெந்த முட்டை என்று நினைத்து உடைத்தேன். அது வேகாமல் மணிக்கட்டு வழியாக ஒழுகிச் சட்டைக் கைக்குள் போய்விட்டது. அடுத்த மேசைச் சீனக் கிழவர் சிரிக்கவில்லை. தன் முட்டையை எடுத்து, கோப்பையில் உடைத்து, சோயா ஊற்றி, என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்துக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

தங்கை இருக்கும் தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊர் திரும்பியவர் "நெட்டைத் துரை தோட்டம்" என்று சொல்லியிருந்தார். இங்கே நம் ஜனங்கள் தோட்டத்தை அங்கே இருக்கும் துரையின் உருவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். குண்டுத் துரை தோட்டம், பூனைக்கண் துரை தோட்டம், இப்படி. இங்கிலீஷ் பெயர் நாக்கில் நிற்பதில்லை. எனக்கும் அது சுலபமாகவே இருந்தது. கடைத்தெருவில் ஒரு தமிழரிடம் கேட்டதும், ரப்பர் ஷீட்டு ஏற்றும் சீனர் லாரியில் என்னை ஏற்றிவிட்டார். லாரி செம்மண் சேற்றில் சிக்கியது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இருட்டும் நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேர்ந்தால், அங்கே தனபாக்கியம் என்று ஒருத்தியுமில்லை. இந்தப் பக்கத்தில் துரைகள் எல்லோருமே நெட்டை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், இருந்த ஜனங்கள் என்னை விட்டுவிடவில்லை. சுட்ட கருவாடும் சோறும் கொடுத்துப் படுக்க இடம் காட்டினார்கள். மலைமேல் மரம் விழுந்து செத்தவர் என்று நான் மெல்லச் சொன்னதும், அப்படியானால் அது இன்னும் உள்ளே இருக்கிற நெட்டைத் துரை என்று ஒரு பெரியவர் சரியாகச் சொன்னார். காலையில் அந்தப் பக்கம் அரிசி ஏற்றிப் போகும் மாட்டு வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் பெயர் சடையன். என்னை மூட்டைமேல் உட்கார வைத்தார்.

சடையன் ஓயாமல் பேசுகிற மனுஷர். எனக்கு அது வசதியாக இருந்தது. மரங்களுக்கு மேலே மலை தெரிந்ததும் அவர் மாட்டைத் தட்டினார்.

"கோவிந்தன் தலையில துணியப் போட்டுட்டான். இன்னைக்கு நனையாம போய்ச் சேர மாட்டோம்" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று கேட்டேன்.

"அதோ, நடு மலை, மேகம் மூடியிருக்குல்ல? அதான். எங்க லயத்துல கோவிந்தன்னுதான் சொல்றது. மலையளக்க வந்தவங்களுக்குத் தண்ணி தூக்கிட்டு மேல போன ஆளு. மேலயே இருந்துட்டான்."

கோவிந்தன் என்பது என் மாப்பிள்ளையின் பெயர். அவர் போனபிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கே ஒரு வண்டிக்காரர் மழையைப் பேசும்போது சர்வ சாதாரணமாகச் சொல்கிறார். நான் மாப்பிள்ளைக்கு உறவு என்று சொல்லிக்கொள்ளவில்லை. வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தேன். சடையன் சொன்னபடியே மழை வந்தது.

அந்த மலைத்தொடர் பெரிதல்ல. குளுவாங்குக்குக் கிழக்கே, காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவில், வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கிறது. ஐந்து தலை. தோட்டத்துப் பக்கம் நின்றால் ஐந்தும் தெரியும். ஆற்றுப் பக்கம் போனால் மூன்றுதான் தெரியும், மற்ற இரண்டும் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு கூட்டத்தார் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்குக் கடைசித் தலையை மலாய்க்காரர்கள் புக்கிட் ரோத்தான் என்கிறார்கள், பிரம்பு மலை என்று அர்த்தம். அதற்கடுத்ததுக்கு முந்தைய துரை தன் சம்சாரத்தின் பெயரை வைத்தாராம். அந்த அம்மாள் சீமைக்குத் திரும்பியதும் பெயரும் கூடவே போய்விட்டது. வடக்கே ஒட்டி நிற்கும் இரண்டு குட்டித் தலைகளை லயத்தார் இரட்டைப்பிள்ளை என்கிறார்கள். நடுவில் இருப்பதுதான் உயரம். செங்குத்தாக இருப்பதாலும் மேலே சொட்டுத் தண்ணீர் இல்லாததாலும் பிரம்பு வெட்டுகிறவர்கள்கூட அதில் ஏறியதில்லை. அதனால் அதற்கு மட்டும் வெகுகாலம் ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

மலையளக்கும் கூட்டம் வந்தபோது உச்சியில் அளவுக்கு அடையாளத் தூண் கட்டத் தண்ணீர் தேவைப்பட்டது. மாப்பிள்ளை தினமும் காவடித் தண்டில் இரண்டு மண்ணெண்ணெய் டின் தண்ணீர் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். பார்வைக்கு மறைத்த மரங்களை வெட்டும்போது ஒன்று திரும்பி விழுந்திருக்கிறது. விடாத மழையில் இறக்கிக் கொண்டுவர முடியாமல் தூணுக்குப் பக்கத்திலேயே புதைத்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து லயத்தில் அது கோவிந்தன் மலை. பிறகு வெறும் கோவிந்தன்.

வண்டி லயத்து வாசலில் நின்றதும் தங்கை என்னைக் கண்டு ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "வண்டியிலயா வந்தே? முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டு, வெந்நீர் போட உள்ளே போனாள். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் வளையல் இருந்தது, சேலையும் கலர் சேலைதான். எங்கள் தெருவில் இதற்கு நாலு வார்த்தை வரும். இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டில் முளைக்கிற சுருட்டைக் கீரையைப் பறித்துக் கருவாடு போட்டு ஆக்கினாள். வழவழப்பாக, நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும், வந்த விஷயத்தைச் சொன்னேன். கப்பல் நாளையும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, நிலப்படத்தில் மலைக்கெல்லாம் பேர் எழுத அதிகாரி வரப்போகிறார், அது முடியட்டும், அப்புறம் பேசலாம் என்றாள். எப்போது வருவார் என்று கேட்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்கே தெரியாதாம்.

பிறகு வந்த நாட்கள் எனக்குப் பெரிய தண்டனை. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, கூப்பிடும் சத்தத்தில் எழுவேன். எல்லோரும் பால் வெட்டப் போய்விடுவார்கள். நான் லயத்துக்கும் கடைக்கும், கடைக்கும் ஆற்றுக்குமாக நடப்பேன். உட்கார்ந்தால் கப்பல் ஞாபகம், நடந்தால் அட்டைக் கடி. இந்த ஊர் அட்டை வேட்டிக்குள் எப்படி நுழைகிறது என்றே தெரிவதில்லை. பக்கத்து அறைப் பேச்சி என்கிற பெண்ணுக்கு என் நடை நல்ல வேடிக்கையாகப் போயிற்று.

"தனம், ஒங்கண்ணன் நடக்கிற நடையில ஊருக்கே பொடிநடையா போய்ச் சேர்ந்திருப்பாரு" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொல்வாள். தங்கை சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் பயம். ஊருக்கு வரப்போகிறவள் இப்படிச் சிரிக்க மாட்டாள் என்று தோன்றியது.

ஒருவழியாக அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், காக்கி நிக்கர், தொப்பி, கையில் சுருட்டிய நிலப்படம். கூட ஒரு மலாய்க்காரப் பெரியவரை கம்பம் என்கிற ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். அந்த ஊர் ஆட்கள் எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அதுதான் படத்தில் ஏறும், தனித்தனியாகக் கேட்டாலும் ஒன்றுபோல் வர வேண்டும் என்பது அவர்கள் முறையாம். இது மாரிமுத்துக் கங்காணிக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. அவர் மாப்பிள்ளையோடு மலையில் வேலை செய்தவர், நல்ல மனுஷர். நல்லது செய்வதாக நினைத்து, பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்து என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் சொல்லிக்கொடுத்தார். சின்னத் தப்பும் வரக்கூடாது என்று இரண்டு தரம் ஒப்பிக்கவும் வைத்தார்.

அங்கேதான் காரியம் கெட்டது.

அதிகாரி முதல் ஆளைக் கேட்டார். "கோவிந்தன் மலைங்க. ஆதியிலேருந்து அதாங்க பேரு" என்றார் அவர். இரண்டாவது ஆளும் அதையே, அதே இழுப்பில் சொன்னார். மூன்றாவது ஆள் கேள்வி முடிவதற்கு முன்பே ஆதியிலேருந்து என்று ஆரம்பித்துவிட்டார். அதிகாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். போன மாதம் வேறொரு தோட்டத்தில் ஒரு கங்காணி இப்படித்தான் தன் பெயரையே ஒரு குன்றுக்கு வைக்கச் சொல்லி எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தாராம். அதை நம்பி எழுதி, மேலே உள்ளவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். கங்காணி கும்பிட்டுப் பார்த்தார். மலாய்ப் பெரியவரைக் கேட்டார்கள். பிரம்பு மலைதான் எங்களுக்கு வேலை, நடு மலைக்கு எங்களிடம் பெயர் இல்லை, இவர்கள் ஏதோ சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றார் அவர். அது அதிகாரிக்குப் போதவில்லை.

அப்போது பால் சேர்க்கும் கொட்டடியில் வாளியை இறக்கிவிட்டுத் தங்கை அந்தப் பக்கமாக வந்தாள். காலையில் அவளுக்குத் தூர மலைச்சரிவில் வேலை. பாடம் நடந்தபோது அவள் பெரட்டில் இல்லை. அதிகாரி அவளைக் கை காட்டி நிறுத்தினார்.

"பிள்ளை, இஞ்ச வாரும். அந்த நடு மலைக்கு என்ன பேர்?"

தங்கை மலையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் நாலு முழம் தள்ளித்தான் நின்றேன். நான் சொல்லலாம், எனக்கு அந்தப் பெயர் விலக்கு இல்லை. வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"பாத்தீரோ கங்காணி? நீர் படிப்பிச்ச ஆக்களுக்குத் தெரியுது. படிப்பிக்காத ஆளுக்குத் தெரியேல்லை" என்று அதிகாரி படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து பேச்சி முன்னால் வந்தாள். "தெரியாமலா நிக்கிறா? அது அவ வீட்டுக்காரர் பேருங்க. எப்படிச் சொல்லுவா? நீங்களும் தமிழாளுதானே?"

அதிகாரியின் கை நின்றது. பிறகு அவர் தங்கையைப் பார்த்து, அப்படியா என்று தலையால் கேட்டார். அவள் தலையை அசைத்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "என்ரை மனுசியும் இண்டைக்கு வரைக்கும் என்ரை பேரைச் சொன்னதில்லை" என்றார். கங்காணி பக்கம் திரும்பி, "படிப்பிச்சு விட்ட ஆளெண்டால் இது பேரைச் சொல்லியிருக்கும். சொல்லாமல் நிக்கிறதைப் படிப்பிக்க ஏலாது" என்றார்.

படத்தை விரித்து அங்கே நின்ற சடையன் வண்டிப் பலகைமேல் வைத்து எழுதினார். பிற்பாடு வெள்ளைக்காரர்கள் மாற்றினால் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சடையன் எட்டிப் பார்த்து, எந்த எழுத்து எங்கள் கோவிந்தன் என்று கேட்டார். இங்கிலீஷ் எழுத்தாக இருந்ததால் எனக்கும் படிக்கத் தெரியவில்லை.

அன்று லயத்தில் கோழி அடித்தார்கள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவள் கேட்ட காரியம் முடிந்தது, கப்பலுக்கும் இன்னும் அவகாசம் இருந்தது. மறுநாள் காலை வண்டி. நான் என் பெட்டியைக் கட்டி, அவளுடைய துணிகளுக்கு ஒரு மூட்டைத் துணி விரித்து வைத்தேன். விடிந்து பார்த்தால் துணி விரித்தபடியே கிடந்தது. தங்கை வாசலில் உட்கார்ந்து எனக்கு வழிச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கான சோறு.

"அண்ணே, நான் வரல" என்றாள்.

"பேருதான் எழுதியாச்சே, தனம்."

"எழுதட்டும். அது அவங்களுக்குச் செய்ய வேண்டியது, நடந்துருச்சு. நான் ஊருக்கு வந்தா என்ன ஆகும்? என் மனசு நோகுமேன்னு அந்தப் பேரை ஒருத்தரும் எடுக்க மாட்டீங்க. நீயே வந்ததுலேருந்து ஒரு தரம் சொல்லல. நான் சொல்ல முடியாது. அப்புறம் அது என் காதுல எப்ப விழும்?"

நான் கட்டியிருந்த பெட்டிக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினேன்.

"இங்க பெரட்டுக்குப் போகும்போதே நாலு பேரு சொல்லிடுறாங்க. அவரு மேல மழைங்கிறாங்க. அவரு மேல வெறகு கெடக்குங்கிறாங்க. சொல்லிக்கிட்டே இருக்கட்டும்ணே. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வண்டி வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற அண்ணன்களும் உலகத்தில் உண்டு. எனக்கு அது வராது, வந்தாலும் அன்று செய்திருக்க மாட்டேன். சோற்று மூட்டையை வாங்கிக்கொண்டேன். அரிசி மூட்டை இல்லாத காலி வண்டியில் உட்கார்ந்து, திருப்பம் வரையில் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள்.

குளுவாங் ஸ்டேஷனில் டிக்கெட்டுக்காரர் எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது, இன்னொரு தரம் கேட்டார்.

ரயில் நகர்ந்தது. ஊரில் என்ன சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. எதிர்ப் பலகையில், பத்து பகாட் என்கிற ஊரில் கடை வைத்திருக்கிற ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி உட்கார்ந்திருந்தார். பெட்டியில் இருந்த எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு, பேச ஆள் இல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். கிழக்கே மரங்கள் விலகின இடத்தில் ஐந்து தலையும் தெரிந்தது. மேகம் இல்லை.

"எத்தனையோ தரம் இந்த வண்டியில போயிட்டேன், அந்த மலைங்களுக்கு என்ன பேருன்னு சொல்ல ஒரு ஆளு கிடைக்கல" என்று பொதுவாகச் சொன்னார்.

"நடுவுல இருக்கறது கோவிந்தன் மலை" என்றேன். நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள்.

வியாபாரி மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாரு அந்தக் கோவிந்தன்?" என்று கேட்டார்.

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பலகைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.